எதிர் ஓட்டு

ரெய்னோ ஹய்கோலா வலது கையுறையை மட்டும் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொள்கிறார். இடது கையுறை அப்படியே இருக்கும்; சூடான பேப்பர் கப்பைப் பிடிக்க அது வேண்டும். கழற்றிய கை இனிப்பு ரொட்டியை எடுக்க. முதல் வாய் காபியை விழுங்கிவிட்டு, மீசையில் கட்டிய பனியை உதட்டால் துடைத்தபடியே, கூடாரத்தில் நிற்பவர் காதில் விழும்படி ஒரு வாக்கியம் சொல்வார்.

"இன்னும் யோசிச்சுட்டேதான் இருக்கேன்."

எங்கள் ராஹே ஊரின் சந்தைச் சதுக்கத்தில் இந்த ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் மரியாதை பாதிரியாருக்குக்கூடக் கிடையாது. ஜனவரி மாதம், மைனஸ் பதினெட்டு, கடலிலிருந்து காற்று. ஜனாதிபதித் தேர்தலுக்காக ஐந்து கூடாரங்கள் போட்டு ஐந்து வேட்பாளர்களின் ஆட்கள் காபியோடு நிற்கிறோம். கடந்து போகிறவர்கள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடையைக் கூட்டுகிறார்கள். நின்றுவிடுகிறவர்களோ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள், அல்லது சண்டைக்கு வந்தவர்கள். யாருக்குப் போடப்போகிறாய் என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் சொல்லவும் மாட்டார்கள். கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாத ஆண்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் தானாக வந்து, யோசிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் என்ன நடக்கும்? பெஞ்சு இழுத்துப் போடப்படும். பிளாஸ்க்கின் அடியில் தங்கிய கெட்டிக் காபி அல்ல, புதுக் காபி வரும்.

அவர் எண் வரிசைப்படிதான் போவார். எங்கள் தேர்தல்களில் வேட்பாளர் எண்கள் இரண்டில் தொடங்கும். ஒன்றாம் எண் எவருக்கும் கிடையாது. இரண்டு, மூன்று, நாலு, ஆறு, எட்டு என்று ஐந்து கூடாரங்களையும் பதினோரு மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடிப்பார். எட்டாம் எண்காரர்கள் பட்டாணி சூப் ஊற்றுவார்கள், அதோடு சாப்பாடும் ஆயிற்று. எங்கள் பெயர் எதையும் அவர் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. நான் அவருக்கு "நாலாம் நம்பரம்மா". பக்கத்துக் கூடாரத்து கெய்யோ, அவரோடு எஃகு ஆலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர், அவரைக்கூட "என்ன ஆறு, தூங்கினியா?" என்றுதான் விசாரிப்பார்.

ஆலையில் ரெய்னோ கூரைக் கிரேன் ஓட்டினார். முப்பத்து நாலு வருடம், தரையிலிருந்து இருபது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டில். கீழே உருகிய எஃகு, மேலே கூரை, நடுவில் இவர் ஒருத்தர். மேலிருந்து பார்த்தே பழகியவர் என்பதால் மனிதர்களை முகத்தைக் கொண்டு எடை போடத் தெரியாது; தலையைக் கொண்டுதான் போடுவார். "ஹெல்மெட்டப் பின்னால தள்ளிப் போடறவன் சோம்பேறி. முன்னால இழுத்து விடறவன் எதையோ மறைக்கிறான். நேராப் போட்டிருந்தா அன்னைக்குத்தான் வேலைக்குச் சேந்திருக்கான்னு அர்த்தம்" என்பார். எங்கள் வேட்பாளர் ஒருநாள் சதுக்கத்துக்கு வந்து, படம் நன்றாக வர வேண்டும் என்று, தொப்பியில்லாமல் இருபது நிமிடம் நின்றார். ரெய்னோ தூரத்திலிருந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்து குனிந்து சொன்னார்: "மைனஸ் பதினெட்டுல வெறும் தலையோட நிக்கறான். குளிரலன்னு வேற சொல்றான். இதுலயே பொய் சொன்னா மத்ததுல எப்படிம்மா நம்பறது?" எனக்குக் கோபம் வந்தது. காபியைக் கொஞ்சம் குறைத்து ஊற்றினேன்.

அவர் ஒவ்வொரு கூடாரத்திலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்க ஆளு வீட்ல, சாப்பிட்ட தட்ட யாரு கழுவறது?" இரண்டாம் எண்காரர்கள் இதற்காகத் தலைமை அலுவலகத்துக்கே போன் போட்டார்கள். நான் "அவரேதான்" என்று குத்துமதிப்பாக அடித்துவிட்டேன். கெய்யோவோ, "மெஷின் கழுவும்யா, எந்தக் காலத்துல இருக்கே?" என்றார்.

"மெஷின்ல அடுக்கி வைக்கறது யாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுட்டு வா. நான் நாளைக்கும் வருவேன்."

ஒரு நாட்டின் ஜனாதிபதியை மக்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் தினமும் நாலு நிபுணர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். கூடாரத்தில் நின்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். ஒரு பெண்மணி, விவாதத்தில் மற்றவரைப் பேசி முடிக்க விட்டது அந்த ஒரு ஆள்தான் என்று சொல்லி எங்கள் பக்கம் வந்தார். மீன் கடைக்காரர், வெளிநாட்டுத் தலைவர்களோடு நிற்கும்போது நம் ஆள் குள்ளமாகத் தெரியக் கூடாது என்றார். அதைத் தவிர அவருக்கு வேறு கொள்கையே இல்லை. கிழக்கு எல்லையில் ஏதாவது என்றால் உடனே போனை எடுக்கக்கூடியவர் யார் என்று நிறையப் பேர் கேட்டார்கள். குரல், பல்வரிசை, நாய் வளர்க்கிறாரா, எங்கள் வட்டாரப் பேச்சைக் கேலி செய்தாரா, ராணுவத்தில் எந்தப் பிரிவு. பெரும்பாலானவர்களுக்கு அப்பா எங்கே போட்டாரோ அங்கே. பேசி மாற்றியதாக நாங்கள் நினைத்துக்கொள்கிற ஓட்டெல்லாம் மாறாத ஓட்டுகள்தான் என்று எனக்குச் சந்தேகம். ஆனாலும் தினமும் நின்றேன். காலையில் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் அரை நாள் வேலை. மீதி அரை நாள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிடக் குளிரில் நிற்பது மேல்.

ஒரு விஷயம் எனக்கு முதலிலிருந்தே தெரியும். முன்கூட்டியே வாக்களிக்க நூலகத்தைத் திறந்த புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வரிசையில் முதல் ஆளாக நின்றவர் ரெய்னோ. நான் அவருக்குப் பின்னால் மூன்றாவது. அவர் மறைப்புக்குள் போனார், சட்டென்று எண்ணை எழுதினார், முத்திரை வாங்கினார், கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அன்றைக்குப் பன்னிரண்டு மணிவாக்கில் எங்கள் கூடாரத்துக்கு வந்து, வலது கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இன்னும் யோசிச்சுட்டேதான் இருக்கேன்" என்றார். அதுவரை அவரைச் சதுக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஓசிக் காபிக்கு வந்த கிழவர் என்று நினைத்தேன். ஊரில் யார் எங்கே எப்போது ஓட்டுப் போட்டார்கள் என்பது பேசுகிற விஷயம் இல்லை; பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும். நானும் அப்படித்தான் இருந்தேன். ஐந்து நாள் இருந்தேன். ஆறாம் நாள், திங்கட்கிழமை, தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து பிஹ்லா வந்து சேர்ந்தாள்.

பிஹ்லாவுக்கு முப்பது வயதிருக்கும். எங்கள் வேட்பாளருக்காக ஊர் ஊராகப் போய்க் கூடாரங்களைச் சரிசெய்வது அவள் வேலை. கெட்டவள் இல்லை; முதல் நாளே எனக்கு கையைச் சூடாக்கும் சின்ன ரசாயனப் பை இரண்டு கொடுத்தாள். ஆனால் அவள் போனில் ஒரு பட்டியல் இருந்தது. ஏற்கெனவே போட்டவர், நம் பக்கம், எதிர்ப் பக்கம், முடிவு செய்யாதவர். கடைசி வகைக்கு ஏழு காரணங்கள். பாதுகாப்பா, விலைவாசியா, அனுபவமா, குணமா, எது உங்கள் ஓட்டை முடிவு செய்யும் என்று கேட்டுக் குறிக்க வேண்டும். ரெய்னோ இரண்டு கூடாரத்துக்கு அப்பால் வரும்போதே நாங்கள் காட்டிய பரபரப்பைப் பார்த்துவிட்டு, "யாரு இவரு? நல்ல ஆளு போலிருக்கே" என்று கடைசி வகையைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டாள்.

அன்று பிளாஸ்க்கில் காபி குறைவு. கால் விறைத்துப்போயிருந்தது. நூலகத்தில் நான் பார்த்த விஷயம் வாய்க்குள் ஐந்து நாளாக உருண்டுகொண்டிருந்தது. துப்பிவிட்டேன்.

"இவரு புதன்கிழமையே போட்டாச்சு. நான் பாத்தேன்."

சொன்னதும் தெரிந்தது, சொல்லியிருக்கக் கூடாது என்று. அதற்குள் அவர் வந்துவிட்டார். கையுறை கழன்றது. காபி ஒரு வாய் உள்ளே போனது.

"இன்னும் யோசிச்சுட்டேதான்..."

"ஐயா, ஒரே ஒரு கேள்வி," என்றாள் பிஹ்லா, சிரித்த முகமாக. "நீங்க ஏற்கெனவே ஓட்டுப் போட்டுட்டீங்களா?"

ஒரு 'இல்லை' சொல்லியிருந்தால் போதும். எந்த ஊரிலும் எவரும் சொல்லியிருப்பார். ரெய்னோவால் முடியவில்லை. ரொட்டியை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து கெய்யோ எட்டிப் பார்த்தார்.

"போட்டுட்டேன்," என்றார். "முதல் நாளே."

"ஓ, சரி! ரொம்ப நன்றி, நல்ல நாளா அமையட்டும்!" என்று பிஹ்லா போனில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, குழந்தை வண்டியோடு போன ஒரு பெண்ணை நோக்கித் திரும்பிவிட்டாள். அவள் வேலை அவ்வளவுதான். கெய்யோதான் விடவில்லை.

"அடப் பாவி ரெய்னோ! ஒரு வாரமா அஞ்சு கூடாரத்துலயும் ஏறி எறங்கி யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு... தட்டு கழுவறது யாருன்னு வேற! நான் என் ஆளு வீட்டு மெஷினப் பத்தி விசாரிச்சு வெச்சிருக்கேன்யா!"

கூடாரங்கள் சிரித்தன. நானும் சிரித்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். ரெய்னோ பாதி காபி இருந்த கப்பை மேசையின் நடுவில், சிந்திவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாக வைத்தார். பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினார். "காபி நல்லா இருந்துச்சு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஆறுக்கும் எட்டுக்கும் போகாமல், சதுக்கத்தைக் குறுக்காகக் கடந்து போனார். மறுநாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்று முடிந்தது. எங்கள் நாலாம் எண் நாலாம் இடத்துக்குக்கூட வரவில்லை. மூன்றும் ஆறும் இரண்டாம் சுற்றுக்குப் போயின. பிஹ்லா என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு பஸ் ஏறினாள். கூடாரத்தை மடித்து என் காரின் பின்பெட்டியில் போட்டது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை மளிகைக் கடையில், பால் அடுக்கின் முன்னால் அவரைப் பார்த்தேன். கூடையில் அரை லிட்டர் பால், இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு மீன் துண்டு. தப்பித்துப் போகலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் போனேன்.

"ரெய்னோ, அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட நான்தான் சொன்னேன். உங்கள நூலகத்துல பாத்ததா."

"தெரியும்."

"எப்படி?"

"பச்சைத் தொப்பி. எனக்குப் பின்னால மூணாவதா நின்னுச்சு." என் தலையைப் பார்த்தார். "இதேதான்."

"மன்னிச்சிருங்க. அது நான் செஞ்சிருக்கக் கூடாத வேல."

"நான் பொய் சொல்லலியே. யோசிச்சுட்டிருக்கேன்னுதான் சொன்னேன். யோசிச்சுட்டுதான் இருந்தேன்."

"போட்டப்புறம் என்ன யோசன?"

கூடையைத் தரையில் வைத்தார். ஒரு பெண் வந்து எங்களுக்கு நடுவில் கைநீட்டித் தயிர் எடுத்துக்கொண்டு போனாள். பிறகு பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"நானும் இர்யாவும் நாப்பத்தாறு வருஷம் ஒண்ணா இருந்தோம். ஒரு தேர்தல்லகூட ஒரே ஆளுக்குப் போட்டதில்ல. எங்க தாத்தா பதினெட்டாம் வருஷத்து உள்நாட்டுச் சண்டையில சிவப்புப் படை. அவ தாத்தா வெள்ளைப் படை. அந்த ரெண்டு கெழவனும் ஒருத்தன ஒருத்தன் சுட்டிருக்கலாம், யாருக்குத் தெரியும்? அது அப்படியே எங்க வீடு வரைக்கும் வந்துடுச்சு. அவ யாருக்குப் போட்டான்னு அவ சொன்னதில்ல. சொல்லவா வேணும்? ஜனவரி முழுக்க ரேடியோவப் பாத்து அவ யாரத் திட்றாளோ, அவன் என் ஆளு."

"பெரிய சண்ட வருமோ?"

"சண்ட என்ன சண்ட. பேச்சு. நான் ஒண்ணு சொன்னா அவ ஒண்ணு சொல்வா. உருளைக்கிழங்கு உரிச்சுட்டே பேசுவா. அந்தத் தட்டு கழுவற கேள்வி அவளோடது. யாரு வந்து ஓட்டுக் கேட்டாலும் அதத்தான் கேப்பா." கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "முதல் நாள் காலைல ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிப் போடுவோம். என்னோடது அவளோடத அழிச்சுடும், அவளோடது என்னோடத. மொத்தமாப் பாத்தா ஒண்ணுமில்ல. நடந்து போயி ஒண்ணுமில்லாம திரும்பி வருவோம்."

"அதுக்கு ரெண்டு பேரும் வீட்லயே இருந்திருக்கலாமே?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'நான் அசந்த நேரம் பாத்து நீ பின்பக்கமாப் போயிப் போட்டுட்டு வந்துடுவே'ன்னா." முதல் தடவையாகச் சிரித்தார். பல் ஒன்று இல்லை. "செஞ்சிருப்பேன்."

"எப்ப போனாங்க?"

"ஏப்ரல்ல. கடல்ல பனி உடையறதுக்கு முன்னால." குனிந்து கூடையில் பாலை நிமிர்த்தி வைத்தார். "புதன்கிழமை வழக்கம்போல போனேன். போட்டேன். வெளிய வந்து படியில நின்னேன், அவ வரட்டும்னு. அப்பதான் உறைச்சுது. நான் போட்டது அப்படியே நிக்குது, செய்யா. அழிக்க ஆளு இல்ல. இத்தன வருஷத்துல முதல் தடவையா என் ஓட்டு நெஜ ஓட்டாயிடுச்சு. எனக்குப் பயமாப் போச்சு."

செய்யா என் பெயர். அது அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

"அவ பக்கம் பேச யாராவது வேணும்ல? ரேடியோ பேசுது. ஆனா நான் சொல்றத அது கேக்கறதில்ல. உங்க கூடாரங்கள்ல நான் ஒண்ணு சொன்னா, நீங்கல்லாம் இல்லன்னு சொன்னீங்க."

அழுகை வந்தது, கடையில் யாராவது பார்த்துவிட்டால் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன். கையில் அகப்பட்ட பாலாடைக்கட்டி ஒன்றை எடுத்து என் கூடையில் போட்டேன். அந்த வகை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

"இனிமே ரெண்டே பேருதான்," என்றார், கிளம்புவதற்கு முன். "ஒருத்தன் நான் போடற மாதிரி ஆளு. இன்னொருத்தன் அவ போடற மாதிரி ஆளு. சீட்டு ஒண்ணுதானே குடுப்பாங்க?"

"ஒண்ணுதான்."

"அதத்தான் நானும் நெனச்சேன்."

மறுநாள் புதன்கிழமை, இரண்டாம் சுற்றுக்கு நூலகம் திறக்கும் நாள். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒன்பது மணிக்குப் போய் எதிர்ப்புற மருந்துக்கடை வாசலில் நின்றேன். ரெய்னோ வந்தார். கதவு வரை போனார். உள்ளே போகிறவர்களுக்காகக் கதவைக்கூடத் திறந்து பிடித்தார். பிறகு கதவை விட்டுவிட்டுச் சதுக்கத்தை நோக்கி நடந்தார். பதினோரு மணி வரை அங்கே கூடாரமே வராது. இரண்டு மணி நேரம் அவர் என்ன செய்தாரோ தெரியாது; நான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

மதியம் போய்ப் பார்த்தேன். அவர் ஆறாம் எண் கூடாரத்தின் முன்னால், வலது கையுறை இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். கெய்யோ பிளாஸ்க்கின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு கேட்டார்.

"மொதல்ல சொல்லு. போட்டாச்சா?"

"போடல."

"சத்தியமா?"

"போடல!" சதுக்கத்தின் மறுமூலையில் இருந்த மீன் கடைக்காரரே திரும்பிப் பார்த்தார். முப்பத்து நாலு வருடம் கண்ணாடிக் கூண்டில் இருந்த மனிதருக்கு அத்தனை பெரிய குரல் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

கெய்யோ காபி ஊற்றினார். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே ஊற்றினார் என்று எனக்குப் பட்டது. "போடற வரைக்கும் உனக்குக் காபி உண்டு. போட்டேன்னா ஒரு சொட்டு கிடையாது. சரியா?"

"சரி. உங்க ஆளு வீட்ல..."

"அவரு பொண்டாட்டி அடுக்குவாங்க, அவரு எடுத்து வைப்பாரு! விசாரிச்சுட்டேன். போதுமா?"

"எடுத்து வைக்கறது சுளுவான வேல," என்றார் ரெய்னோ, ரொட்டியைக் கடித்தபடி.

அடுத்த பத்து நாள் அவருக்கு நடந்த உபசாரம் எங்கள் ஊரில் கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட நடந்ததில்லை. இரண்டே கூடாரம், இரண்டு சதவீத வித்தியாசம் என்று செய்தித்தாள் சொல்கிறது, ஊரில் வாய்விட்டு ஒப்புக்கொண்ட ஒரே முடிவுசெய்யாதவர் இவர். மேலே ஜாம் வைத்த, பிப்ரவரியில் மட்டும் விற்கிற சிறு உருளை கேக்கை மூன்றாம் எண்காரர்கள் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். ஆறாம் எண் கூடாரத்தில் பெஞ்சின் மேல் கலைமான் தோல் விரித்தார்கள். எனக்குக் கூடாரம் இல்லை. மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் சும்மா நிற்பேன், அவர் பேசுவதைக் கேட்பதற்காக.

ஆறில் நின்றுகொண்டு அவர் மூன்றுக்காக வாதாடுவார். மூன்றில் போய் ஆறுக்காக வாதாடுவார். எல்லையைப் பற்றி, மருத்துவமனை வரிசையைப் பற்றி, தொப்பியைப் பற்றி. ஒன்றில் அவர் பேச்சு கிரேன் ஓட்டுகிறவரின் பேச்சாக இருக்கும், ஒவ்வொரு வார்த்தையும் தூக்கி வைத்தாற்போல. இன்னொன்றில் குரல் கொஞ்சம் மேலே ஏறும், வேகம் கூடும், நடுநடுவே "சும்மா இரு, நான் பேசி முடிக்கல" என்பார். எந்தக் கூடாரத்தில் எந்தக் குரல் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை வாயைக் கொடுத்தது போதும்.

கெய்யோ ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார். "நீ யாரு பக்கம்யா? சொல்லித் தொலையேன்!"

"நீ இல்லாத பக்கம்."

"அங்க போயி என் பக்கம் பேசறியாமே!"

"அங்க நீ இல்லையே."

சனிக்கிழமை மூன்று மணிக்கு, வெளிச்சம் மங்குவதற்குள், இரண்டு கூடாரங்களையும் பிரித்தார்கள். கலைமான் தோலை உதறி மடித்தபோது ரெய்னோ ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கெய்யோ பிளாஸ்க்கைக் கவிழ்த்து மிச்சம் இருந்ததை இரண்டு கப்பில் ஊற்றினார். அடிக் காபிதான், மண்டியாக இருந்தது. இருவரும் நின்றபடியே குடித்தார்கள்.

"நாளையோட முடிஞ்சுது," என்றார் கெய்யோ. "இனிமே ஆறு வருஷம் கழிச்சுதான்."

"எனக்கு எண்பத்திரண்டு ஆயிருக்கும்."

"அப்பவும் யோசிச்சுட்டே இருப்பே." கெய்யோ கப்பைக் கசக்கினார். "வியாழக்கிழம நான் பனியில துளை போட்டு மீன் புடிக்கப் போவேன். சும்மாதான் சொல்றேன்."

"ம்," என்றார் ரெய்னோ. அது வருகிறேன் என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா என்று கெய்யோவுக்கே தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் ஓட்டு. நானும் இரண்டாம் சுற்றுக்கு முன்கூட்டிப் போடவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வரிசை கதவுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துமிடம் வரை நின்றது. சர்ச் முடிந்து வந்தவர்கள், பனிச்சறுக்குக் காலணியோடு வந்தவர்கள், தூங்கி எழுந்து அப்படியே வந்தவர்கள். ரெய்னோ எனக்கு மூன்று பேர் முன்னால் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தொப்பியைப் புதிதாகத் துவைத்துப் போட்டிருந்தார், நேராக.

அடையாள அட்டையைக் காட்டினார். சீட்டை வாங்கினார். மறைப்புக்குள் போனார். எங்கள் சீட்டு ஒன்றும் பெரிய காரியம் இல்லை. மடிப்பின் உள்ளே ஒரு வட்டம், அதில் ஓர் எண் எழுத வேண்டும், அவ்வளவுதான். நூலகத்தில் இரண்டு நிமிடத்தில் முடித்த வேலை. இப்போது அவருக்கு முன்னால் உள்ளே போனவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். மறைப்பின் அடியில் அவருடைய காலணிகள் அசையாமல் தெரிந்தன. மேசையில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "ரெய்னோ, உதவி ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்," என்றது உள்ளிருந்து குரல். "எழுதிட்டேன்."

வெளியே வந்து மடித்த சீட்டை நீட்டினார். அந்தப் பெண் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தாள். பெட்டி ஓர் அடி தூரத்தில் இருந்தது. அவர் அதன் முன்னால் போய் நின்று, சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள்.

"போடுங்க ரெய்னோ," என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

அவர் தன் பின்னால் முத்திரையோடு காத்திருந்த இளம் தம்பதியைத் திரும்பிப் பார்த்தார். ஓரடி விலகினார்.

"நீங்க போடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவர்கள் போட்டார்கள். அடுத்து வந்த மீன் கடைக்காரருக்கும் வழிவிட்டார். அவருக்குப் பின் நான். நான் பெட்டியிடம் வந்தபோது அவர் என் தொப்பியைப் பார்த்துத் தலையசைத்தார். நான் என் சீட்டைப் போட்டேன். சீட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ரெய்னோ இன்னும் அரை அடி பின்னால் நகர்ந்து, எனக்குப் பின்னால் நின்ற ஆளைக் கையசைத்து முன்னே கூப்பிட்டார்.